சர்க்கரை நோயாளிகளே, கால் விரல் மடங்குதா? புண் வரும் முன்பே தடுக்கும் சின்ன ஆபரேஷன்!

"வலிக்கவே இல்லையே, அப்புறம் பாத்துக்கலாம்." சர்க்கரை நோயாளிகள் பலரின் காலுக்கு ஆபத்து தொடங்குவது இங்கேதான். லாரி பாடி பட்டறை, விசைத்தறி என நின்றபடியே உழைப்பவர்கள் நிறைந்த சேலம், நாமக்கல் பகுதியில் கால் போனால் வருமானமும் போச்சு.

விரல் ஏன் மடங்குகிறது?

நீண்டநாள் சர்க்கரை நோய் கால் நரம்புகளைப் பாதிக்கிறது. உணர்ச்சி குறைவதோடு, பாதத்தின் சிறு தசைகளும் பலவீனமாகின்றன. அப்போது அடிப்பக்க தசைநாண் இழுத்து, விரல் கீழ்நோக்கி மடங்கும். நுனி தரையில் அழுந்தும், காய்க்கும், உள்ளே புண்ணாகும். வலி தெரியாததால் பலர் தாமதமாகவே டாக்டரிடம் போகிறார்கள். அதற்குள் கிருமி எலும்பு வரை போயிருந்தால் விரலையே எடுக்க வேண்டி வரலாம்.

ஆபரேஷனில் என்ன செய்வார்கள்?

கையால் நிமிர்த்தினால் விரல் நிமிர்கிறதா? அப்படியென்றால் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வைத்து, சின்னத் துளை வழியாக இழுக்கும் தசைநாணை வெட்டிவிடலாம். நுனியில் அழுத்தம் குறையும். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். விரல் நுனியில் காய்ப்பு இருப்பவர்களுக்கு இதைப் பரிசீலிக்கலாம் என்கிறது, சர்வதேச நீரிழிவு பாத நிபுணர் குழுவின் 2023 வழிகாட்டுதல். விரல் விறைத்துப்போய்விட்டால் எலும்பிலும் ஆபரேஷன் தேவைப்படலாம்.

கொல்லிமலையில் பிறந்த டாக்டர்

மரத்துப்போன கால் ஏன் கெடுகிறது என்பதை உலகுக்குப் புரியவைத்தவர்களில் ஒருவர் டாக்டர் பால் பிராண்ட். 1914-ல் நாமக்கல் மாவட்டக் கொல்லிமலையில் பிறந்தவர். 1946-ல் வேலூர் சி.எம்.சி.யில் சேர்ந்து, தொழுநோயாளிகளின் மடங்கிய கை, கால்களைத் தசைநாண் ஆபரேஷனால் சரிசெய்தார். சதை தானாக அழுகுவதில்லை, வலி தெரியாமல் திரும்பத் திரும்ப அடிபடுவதே காரணம் என்று காட்டினார். பிறகு அமெரிக்காவில் அதே பாடத்தைச் சர்க்கரை நோயாளிகளின் கால்களுக்கும் கொண்டுபோனார்.

எல்லாருக்கும் ஆபரேஷன் தேவையா?

இல்லை. காலில் ரத்த ஓட்டம் எப்படி இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு பக்கத்து விரலுக்கு அழுத்தம் மாறலாம். அதனால் மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பும், சர்க்கரைக் கட்டுப்பாடும் கட்டாயம்.

இன்று இரவே பாருங்க

* விரல் மடங்கியிருக்கா, நுனி காய்த்திருக்கா?
* பாதத்தின் அடியில் கண்ணாடி வைத்துப் பாருங்க.
* காய்ப்பை பிளேடால் சீவாதீங்க.
* பாதம் சிவந்து, சூடாகி வீங்கினால் வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்க.

அடுத்த முறை சர்க்கரை மாத்திரை வாங்கப் போகும்போது, செருப்பைக் கழற்றி டாக்டரிடம் காலையும் காட்டுங்க.