மாற்றார் வரைந்த உருவம்

புத்தரும் மகாவீரரும் வடநாட்டில் அறமுரைத்த காலத்தே அவர்களோடு ஒருங்கு விளங்கிய துறவியருள் மற்கலி கோசாலர் என்பாரும் ஒருவர். அவர் தலைமை பூண்ட சமயம் ஆசீவகம் எனப்படும். யாவும் ஊழின்படியே நிகழும். மக்கள் முயற்சியால் அதனை மாற்றுதல் இயலாது என்பது அச்சமயத்தின் கொள்கை. பல நூற்றாண்டுகள் நின்று நிலவிய அச்சமயத்தார் தாமே இயற்றிய நூல் ஒன்றேனும் இன்று கிடைத்திலது. அவர்களைப் பற்றி அறியப்படும் செய்திகளுட் பெரும்பாலன அவர்களோடு மாறுபட்டார் எழுதி வைத்தவையே.

அவற்றுட் சில வியப்பையும் வருத்தத்தையும் ஒருங்கே தருவன. கி.பி. 5-ஆம் நூற்றாண்டினரான புத்தகோசர் என்னும் பௌத்த உரையாசிரியர், கோசாலரை ஓர் அடிமையெனக் கூறுகின்றார். சேற்று நிலத்தில் எண்ணெய்க்குடம் சுமந்து சென்ற அவரை நோக்கி, 'இடறாதே' என்னும் பொருள்பட, 'மா கலி' என்று தலைவன் எச்சரித்தானாம். அவரோ இடறி வீழ்ந்து, அஞ்சி ஓடினாராம். தலைவன் பின்தொடர்ந்து ஆடையைப் பற்ற, அதனையும் விட்டுவிட்டு வெற்றுடம்பினராய்ச் சென்றாராம். பெயர் வந்த வரலாறும் ஆடையின்மைக்குக் காரணமும் இவ்வொரு கதையிலேயே அடங்கிவிட்டன!

சமணர்தம் பகவதி சூத்திரம் கூறுவது முற்றும் வேறு. அதன்படி மங்கலி என்பது தந்தையின் பெயர். அவன் படம் காட்டி இரந்துண்டு வாழ்ந்தவன். மகன் மகாவீரரோடு சில ஆண்டு உறைந்து, பின்னர்ப் பகைத்துப் பிரிந்து, இறுதியில் அறிவு திரிந்து மாண்டானாம். இவ்விரு வரலாறும் ஒருங்கே உண்மையாதல் இயலாது. ஒருவன் பெயரைப் பிரித்துப் பழி சூட்டுதல் எளிது. அதனால் விளங்குவது பழித்தவன் உள்ளமேயன்றிப் பழிக்கப்பட்டவன் இயல்பு அன்று.

கல்வெட்டுகள் வேறு சான்று பகர்கின்றன. பௌத்த அறத்தைத் தழுவிய அசோகமன்னன், தன் ஆட்சியின் 12-ஆம் ஆண்டில், இன்றைய பீகார் மாநிலத்துப் பராபர் குன்றில் ஆசீவகர்க்குக் குகைகள் வழங்கினான். அவற்றின் உட்சுவர்கள் கண்ணாடிபோல் மெருகேற்றப்பட்டவை. அவன் பெயரனாகிய தசரதனும் அணித்தேயுள்ள நாகார்ச்சுனிக் குன்றில் மூன்று குகைகளை அவர்க்கே அளித்தான். நகைக்கத்தக்க கூட்டத்தார்க்கு அரசர் இருவர் மலையைக் குடைந்து உறையுள் அமைப்பரோ?

பழிப்பினும் சிறந்த நெறி ஒன்று தமிழ்நூல்களில் உண்டு. பிறர் மதத்தை மேற்கொண்டு களைதலை நூலுக்குரிய எழுவகை மதங்களுள் ஒன்றாக நன்னூல் எண்ணுகின்றது. களைவதற்கு முன் மேற்கொள்ளல் வேண்டும் என்பது கருதத்தக்கது. மணிமேகலையை இயற்றிய சாத்தனார் பௌத்தர். எனினும் வஞ்சிமாநகரில் ஆசீவகன் தன் கொள்கையைத் தானே உரைக்குமாறு விடுகின்றார். உயிரும் நால்வகை அணுவுமாகிய ஐம்பொருளையும், கரும்பிறப்பு முதல் வெண்பிறப்பு ஈறாகிய அறுவகைப் பிறப்பையும் அவன் எடுத்துரைக்கின்றான். முற்றக் கேட்ட பின்னரே மணிமேகலை அதனைத் தடுமாற்றமுடைய உரையென விடுத்து அடுத்தவனிடம் செல்கின்றாள்.

சமணநூலாகிய நீலகேசியும், 13-ஆம் நூற்றாண்டுச் சைவநூலாகிய சிவஞானசித்தியாரின் பரபக்கமும் ஆசீவகத்தை மறுப்பனவே. நீலகேசியில் எள்ளலும் மிகுதி. ஆயினும் மறுக்கப்படும் கொள்கையை எடுத்துரையாமல் அவை மறுக்கவில்லை. 1951-இல் ஆசீவகர் வரலாற்றை ஆங்கிலத்தில் விரிவாக எழுதி வெளியிட்ட ஏ. எல். பாசாம் என்னும் அறிஞர், அவர்தம் கோட்பாடுகளை விளக்குதற்கு இம்மூன்று தமிழ்நூல்களையும் பெரிதும் துணைக்கொண்டார்.