வேலிக்குள் கெட்டித்தனம்! வீதியில் குற்றம்!

கிண்டிக் குதிரைப் பந்தய நிலத்தைப் பற்றிச் சில காலமாக ஊரெல்லாம் பேச்சாயிருக்கிறது. சர்க்கார் குத்தகையை ரத்துச் செய்ததும், கிளப்பார் கோர்ட்டுக்கு ஓடியதும் பத்திரிகைகளில் பத்தி பத்தியாக வந்துவிட்டன. ஆனால் இந்தப் பேச்செல்லாம் நிலத்தின் விலையையும் வாடகைப் பாக்கியையும் பற்றியதாக இருக்கிறதே ஒழிய, பந்தயத்தில் கூலியைத் தொலைத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பினவனைப் பற்றியதாக இல்லை. ஆகவே அவனைப் பற்றி நாம் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது.

"கிண்டி எங்கே, எண்ணூர் எங்கே? நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று வடசென்னைத் தோழர்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. 1931-ஆம் வருஷத்தில் பீச் ஸ்டேஷனிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. இராயபுரத்துக்குப் பக்கத்தில் ஏறினால் கிண்டியில் இறங்கலாம். கனவான்கள் மோட்டாரில் போன இடத்துக்குக் கூலிக்காரனும் சில காசில் போய்ச் சேர வழி பிறந்துவிட்டது. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவனும், மில்லில் நின்றவனும், காசிமேட்டில் வலை இழுத்தவனும் சட்டைப் பையில் வாரக் கூலியையும் கையில் ரேஸ் புத்தகத்தையும் வைத்துக்கொண்டு அந்த ரயிலில் போனார்கள். போகும்போது இருந்த இரண்டில் திரும்பும்போது புத்தகம் மட்டும் மிச்சமிருந்தது. மறுநாள் காலையில் மனைவியின் கம்மல் அடகுக் கடைக்குப் போயிற்று. அதற்கு மறுநாள் தண்டல்காரன் வாசலுக்கு வந்தான். இது ஒரு வீட்டின் கதையல்ல. பல வீடுகளின் கதை.

இப்படிப்பட்ட ஒரு காரியத்தைச் சட்டம் என்ன செய்தது என்று பார்ப்போம். 1888-ஆம் வருஷத்துச் சென்னை நகரப் போலீஸ் சட்டமும், 1930-ஆம் வருஷத்துச் சூதாட்டச் சட்டமும் பந்தயம் கட்டுவதைச் சூது என்றே சொல்லுகின்றன. தெருக்கோடியில் துணி விரித்து மூன்று சீட்டு ஆடினால் போலீசார் பிடித்துக்கொண்டு போவார்கள். ஆனால் அதே சட்டங்களில் குதிரைக்கு மாத்திரம் ஒரு விலக்கு ஏற்பட்டது. அதாவது, பந்தயம் நடக்கிற நாளில், கிளப்பின் எல்லைக்குள், சர்க்கார் அனுமதி பெற்ற வேலிக்குள் நின்று பணம் கட்டினால் அது சூதல்லவாம்! அதே குதிரையின் மேல், அதே பணத்தை, அதே மனிதன் வேலிக்கு வெளியே கட்டினால் குற்றவாளியாம்!

தோழர்களே, இது எந்த ஊர் நியாயம் என்று கேட்கின்றோம். வேலிக்கு உள்ளே ஓடுகிற குதிரைக்கும் வெளியே பேசப்படுகிற குதிரைக்கும் கால் நான்குதானே? தருமர் சூதாடி நாட்டையும் தம்பிகளையும் பெண்டாட்டியையும் தோற்றால் அது பாரதம். அவருக்குத் தருமர் என்றே பெயர் நிலைக்கிறது. தர்மலிங்கம் இராயபுரம் சந்தில் சூதாடினால் அது போலீஸ் கேஸ்! மேலிருப்பவன் செய்தால் லீலை, கீழிருப்பவன் செய்தால் பாவம் என்கிற பழைய மனு நியாயந்தானே இது? வேஷ்டியைக் கழற்றிவிட்டுக் கால்சட்டை போட்டுக்கொண்டு கிண்டியில் வந்து நிற்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்!

1974-ஆம் வருஷத்தில் கலைஞர் மு. கருணாநிதி அவர்களுடைய மந்திரிசபை குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் செய்தது. சென்னை ஹைகோர்ட்டு அந்தச் சட்டம் செல்லும் என்றது. 1986-ல் எம்.ஜி.ஆர். அவர்கள் காலத்தில் கிளப்பையே சர்க்கார் எடுத்துக்கொள்ள இன்னொரு சட்டம் வந்தது. ஆனால் 1996-ஆம் வருஷம் ஜனவரி மாதம் சுப்ரீம் கோர்ட்டு, குதிரைப் பந்தயம் பெரும்பாலும் திறமையைச் சார்ந்த ஆட்டம், ஆகவே அது சூதல்ல என்று தீர்ப்புச் சொல்லிக் கிளப்பை எடுத்துக்கொள்ளும் சட்டத்தைச் செல்லாததாக்கிவிட்டது. குதிரையின் பிறப்பு, பழக்கம், ஜாக்கியின் சாமர்த்தியம் இவற்றையெல்லாம் எடைபோட்டுத்தான் பணம் கட்டுகிறார்கள், குருட்டு அதிர்ஷ்டத்தை நம்பியல்ல என்பது அதற்குச் சொன்ன காரணம்.

தீர்ப்பை நாம் மதிக்கிறோம். ஆனாலும் தீர்ப்பை மதிப்பதென்பது அறிவை மூட்டை கட்டி வைப்பதல்ல. குதிரையைப் பழக்குவதிலும் ஓட்டுவதிலும் திறமை இருக்கிறது என்பதை யார் மறுத்தார்கள்? திறமை குதிரைக்கும் ஜாக்கிக்கும் இருக்கிறது. பணம் போவதோ வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பவனுக்கு! அவனுக்கும் கொஞ்சம் திறமை இருப்பதாகவே வைத்துக்கொண்டு ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பத்துத் தோழர்கள் ஆளுக்கு 100 ரூபாய் கட்டுகிறார்கள். மொத்தம் 1000 ரூபாய். பந்தயம் நடத்துகிறவன் தன் பங்கென்றும் செலவென்றும் நூற்றுக்கு 20 எடுத்துக்கொள்வதாகக் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். மிச்சம் 800-தான் அந்தப் பத்துப் பேருக்குள் திரும்பி வரும். அந்த 800-ஐ மறுபடி கட்டினால் 640, பிறகு 512, அதற்குப் பிறகு 409 ரூபாய் சொச்சம். நாலே பந்தயத்தில் பத்துப் பேருடைய பணத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. இந்தப் பத்துப் பேரும் பிறவி மேதைகளாக இருந்தாலும் கணக்கு மாறுமா? ஒரு காசுகூட மாறாது. கெட்டிக்காரன் ஒருவன் ஜெயித்தானென்றால், அவன் ஜெயித்தது குதிரையை அல்ல. பக்கத்தில் நின்ற ஏமாளியின் கூலியை. திறமை இருந்துவிட்டால் குற்றமில்லை என்றால், ஜேப்படிக்காரனுடைய விரலில் இல்லாத திறமையா? அவனையும் ஏன் விடுதலை செய்யக்கூடாது?

இதற்கு மேல் வரி இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் பந்தயப் பணத்துக்கு ஜி.எஸ்.டி. நூற்றுக்கு 40 ஆக உயர்த்தப்பட்டது. அதாவது, 100 ரூபாய் கட்டுகிறவன் குதிரை ஓடுவதற்கு முன்னாலேயே 40 ரூபாய் வரி கொடுக்க வேண்டும். சர்க்கார் ஒரு கையால் இது கெட்ட பழக்கம் என்று புகையிலையோடு சேர்த்து வரி போடுகிறது. மற்றொரு கையால் அந்த வரியை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்கிறது. இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. அதே 2025 ஆகஸ்டில் பார்லிமெண்டு செய்த இணைய விளையாட்டுச் சட்டம், பணம் வைத்து ஆடும் ஆட்டம் திறமையானாலும் சரி, அதிர்ஷ்டமானாலும் சரி, கூடாது என்று சொல்லிவிட்டது. கைப்போனில் செல்லாத திறமை வாதம் வேலிக்குள் மட்டும் எப்படிச் செல்லும் என்பதை அறிவுள்ளவர்கள் யோசித்துப் பார்க்கட்டும்.

நிற்க, பந்தயக் குதிரையின் பெருமையையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். இதைத் "தூய இரத்தக் குதிரை" என்கிறார்கள். இந்தத் தூய இரத்தம் எங்கிருந்து வந்தது? பதினேழாம் நூற்றாண்டின் கடைசியிலும் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கிழக்கு நாடுகளிலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோன ஆண் குதிரைகளை அந்த நாட்டுப் பெண் குதிரைகளோடு சேர்த்ததால் வந்தது. இன்று உலகத்தில் ஓடுகிற இந்த ஜாதிக் குதிரைகளெல்லாம் தகப்பன் வழியில் பையர்லி டர்க், டார்லி அரேபியன், கோடால்பின் அரேபியன் என்ற மூன்று குதிரைகளில் போய் முடிகின்றன. சுருக்கமாகச் சொன்னால் கலப்புக் குதிரை! கலந்து பெற்றபின் 1791-ல் ஒரு வம்சாவளி ஏடு அச்சிட்டார்கள். ஏட்டில் ஏறியது தூய்மை, ஏறாதது மட்டம் என்றாக்கிவிட்டார்கள். கலப்பில் பிறந்து, ஏட்டில் ஏறி, பிறகு தூய்மை பேசுவதை நம் நாட்டு ஜனங்களுக்கு நாம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் இதைக் குதிரையில் அல்லாமல் மனிதரிலேயே நித்தம் பார்க்கிறார்கள்.

ஏட்டில் எழுதினால் இரத்தம் தூய்மையாகிறது; வேலி போட்டால் சூது கெட்டித்தனமாகிறது. இனிப் பத்திரம் எழுதினால் என்னவாகிறது என்று பாருங்கள். கிண்டியில் 160 ஏக்கர் 86 சென்டு சர்க்கார் நிலம் கிளப்புக்கு 1946 முதல் 99 வருஷக் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டது. வாடகை வருஷத்துக்கு 614 ரூபாய் 13 அணா. ஏக்கருக்கு வருஷத்துக்கு ஏறக்குறைய 3 ரூபாய் 13 அணா. 160 ஏக்கருக்கும் சேர்த்து ஒரு நாள் வாடகை 1 ரூபாய் 11 அணா! இராயபுரத்தில் ஒண்டுக் குடித்தனத்தில் ஓர் அறைக்கு வாடகை கொடுக்கிறவன் இதைக் கேட்டால் சிரிப்பானா, அழுவானா? வாடகையை உயர்த்த சர்க்கார் 1970-ல் நோட்டீஸ் கொடுத்தது, கிளப்பார் ஒப்பவில்லை. 2023 மார்ச்சில் ஹைகோர்ட்டு 730 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட பாக்கியைக் கட்டும்படி சொல்லிற்று. 2024 ஜூனில் ஊட்டிப் பந்தய நிலம் 52 ஏக்கரைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. அதே வருஷம் செப்டம்பரில் கிண்டிக் குத்தகையும் ரத்தாயிற்று. கிண்டி நிலத்தில் 118 ஏக்கரில் பசுமைப் பூங்கா அமைக்கப் போவதாக அறிவித்து, மழைவெள்ளத்தைத் தேக்கக் குளங்களும் வெட்டலாயினர். வழக்கு கோர்ட்டில் ஏறியது.

குளம் வெட்டுவது நல்ல காரியம். குதிரை ஓடிய நிலத்தில் தண்ணீர் நின்றால் வேளச்சேரி வீடுகளுக்குள் கொஞ்சம் குறையும். ஆனால் வடசென்னைக்காரர் ஒரு கேள்வி கேட்க உரிமையுடையவர். எண்ணூர் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து கிடக்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் கலந்து வந்து படகும் வலையும் மீனும் பாழாயின. அங்கே உழைக்கிறவனுக்குக் கிண்டியைப் போல ஒரு பச்சை நிலம், ஒரு விளையாட்டு மைதானம், ஒரு படிப்பகம் எங்கே? பணக்காரர் பொழுதுபோக்குக்கு 160 ஏக்கரை நாளொன்றுக்கு 1 ரூபாய் 11 அணாவுக்குக் கொடுக்க முடிந்த நாட்டில், தொழிலாளி மாலையில் காற்று வாங்க நாலு ஏக்கர் அகப்படாதா?

"பந்தயத்தை நிறுத்தினால் லாயத்தில் வேலை செய்கிற ஏழைகளின் கதி என்ன?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். குதிரைக்குப் புல் போட்டவர்களும், சாணம் அள்ளியவர்களும், தேய்த்துக் குளிப்பாட்டியவர்களும் நம் தோழர்களே. பூங்காவிலும் தோட்ட இலாகாவிலும் முதல் வேலை அவர்களுக்கே கொடுக்கப்பட வேண்டும். ஆனால் அவர்களுடைய பசியைக் காட்டி முதலாளியின் சூதைக் காப்பாற்றப் பார்ப்பது, கோவிலில் மேளம் வாசிக்கிறவன் பிழைக்க வேண்டும் என்று சொல்லி ஊர் முழுவதையும் உண்டியலில் போடச் சொல்லுவதைப் போன்றதாகும்.

இன்னும் சிலர், "வெள்ளைக்காரன் கொண்டு வந்த நாகரிகம், உலகமெல்லாம் நடக்கிறது" என்பார்கள். உலகத்தையே பார்ப்போம். நம் தமிழர் ஏராளமாக வாழ்கிற சிங்கப்பூரில் நெடுங்காலமாக நடந்த குதிரைப் பந்தயம் 2024 அக்டோபர் 5-ந் தேதியோடு முடிந்தது. நிலத்தை வீடு முதலிய காரியங்களுக்காக அந்த நாட்டுச் சர்க்கார் திரும்பக் கேட்டது. சூதாட்டத்துக்கே பெயர் பெற்ற மக்காவிலும் அதே வருஷம் பந்தயத்தை முடித்துவிட்டார்கள். அதனால் அந்த ஊர்கள் நாகரிகம் கெட்டுப் போய்விடவில்லை.

கடைசியாகத் தொழிலாளத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. சட்டம் வரட்டும், தீர்ப்பு மாறட்டும் என்று காத்திருக்க வேண்டாம். குதிரையின் பெயரில் உன் பெண்டாட்டி பெயரின் முதல் எழுத்து இருக்கிறதென்று பணம் கட்டுகிறாய். பல்லி சொன்ன திசையைப் பார்த்து நம்பர் எடுக்கிறாய். "டிப்ஸ்" சொல்லுகிறவனிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு அவன் வாயைப் பார்க்கிறாய். எந்தக் குதிரை வெல்லும் என்பது அவனுக்குத் தெரியுமானால், உன்னிடம் ஐம்பதுக்கும் நூறுக்கும் கையேந்தி நிற்பானா? ஜோசியனிடம் கேட்க வேண்டிய அதே கேள்விதான் இது. ஜோசியன் உன் ஜாதகத்தைப் பார்க்கிறான். இவன் குதிரையின் ஜாதகத்தைப் பார்க்கிறான். இரண்டு ஜாதகத்துக்கும் கூலி கொடுக்கிறவன் நீ ஒருவனே!

ஏடும் வேலியும் பத்திரமும் அவர்கள் கையில் இருக்கலாம். உன் கூலி உன் கையில் இருக்கிறது. அது வீட்டுக்குப் போனால் சோறாகும், பிள்ளைக்குப் புத்தகமாகும், சங்கத்துக்குச் சந்தாவாகும். ஆகையால், வேலி கழற்றப்படும் வரையில் காத்திராமல், வேலிப் பக்கம் போகாமலிருக்கக் கற்றுக்கொள் என்பதே நமது வேண்டுகோள். யாரும் வந்து நிற்காத வேலி தானாகவே சாய்ந்துவிடும்.