கோல் விழுந்தால் கடைசியில் நின்ற பையன் மட்டும்தான் குற்றவாளியா?

செலாயாங் - சனிக்கிழமை மாலை, செலாயாங் வட்டாரத்தில் ஒரு பொதுத் திடல். 15 வயதுக்கு உட்பட்ட நம் பையன்கள் ஆடிய நட்புமுறைக் காற்பந்து ஆட்டம் அது. எதிரணிக் கோல் காவலர் பந்தைக் காலில் வாங்கியதும் நம் பயிற்றுநர் கோட்டுக்கு வெளியே இருந்து "பிரெஸ்! பிரெஸ்!" என்று குரல் கொடுத்தார். முன்னால் நின்ற மூன்று பையன்களும் பாய்ந்து ஓடினார்கள். மத்தியத் திடலில் நின்றவர்கள் அசையவில்லை. தற்காப்பு ஆட்டக்காரர்கள் நம் பெனால்டி எல்லைக்கு அருகிலேயே நின்றார்கள். நடுவில் பெரிய வெற்றிடம்.

எதிரணி அந்த வெற்றிடத்துக்குள் ஒரே ஓர் உயரப் பந்தை அனுப்பியது. கடைசியாக நின்ற நம் பையன் தனி ஆளாக இரண்டு பேரைச் சமாளிக்க வேண்டியதாயிற்று. கோல். "தூங்குறியாடா?" என்ற சத்தம் அவன் மேல்தான் விழுந்தது. முன்னால் ஓடிய மூவரையும், நடுவில் நின்றவர்களையும் யாரும் எதுவும் கேட்கவில்லை. அடுத்த இரண்டு பயிற்சிகளுக்கு அந்தப் பையன் வரவில்லை.

அந்தப் பயிற்றுநரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. வேலை முடிந்து, சொந்தப் பணத்தில் பெட்ரோல் ஊற்றி வந்து, சம்பளம் இல்லாமல் சொல்லிக் கொடுப்பவர் அவர். "அண்ணே, மூணு பேர் முன்னால ஓடும்போது மத்தவங்க எங்க நிக்கணும்னு சொல்லிக் கொடுத்திருக்கீங்களா?" என்று பிறகு கேட்டேன். "நேரம் எங்க தம்பி இருக்கு? வாரத்துக்கு ரெண்டு நாள். அதுவும் பாதித் திடல்தான் கிடைக்குது" என்றார்.

அவர் சொன்னது உண்மை. ஆனால் அந்தக் கோலுக்குக் காரணம் கடைசிப் பையனின் தூக்கம் அல்ல. அது ஒரு கணக்குப் பிழை. இந்தக் கணக்கை மிகத் தெளிவாகக் காட்டும் விளையாட்டு, நம் ஊரில் அதிகம் பேர் ஆடாத அமெரிக்கக் காற்பந்து.

அங்கும் ஓர் அணிக்கு 11 பேர். பந்தை வீசும் ஆட்டக்காரரைக் 'குவாட்டர்பேக்' என்பார்கள். அவருக்கு அரணாக ஐந்து பேர் முன்னால் நிற்பார்கள். அவர் வீசும் பந்தைப் பிடிக்க மேலும் ஐந்து பேர் ஓடலாம். தற்காக்கும் அணி வழக்கமாக நான்கு பேரை அனுப்பி அந்தக் குவாட்டர்பேக்கை விரட்டும். மீதம் ஏழு பேர் பின்னால் காவல். ஐந்து பேருக்கு ஏழு பேர் என்பதால் கவலை இல்லை. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டவர்களை விரட்ட அனுப்பினால் அதற்குப் பெயர் 'பிளிட்ஸ்'. ஜெர்மன் மொழியில் மின்னல் என்று பொருள். ஆறு பேரை அனுப்பினால் பின்னால் மிஞ்சுவது ஐந்தே பேர். ஆளுக்கு ஆள் சரி. ஒருவர் வழுக்கினாலும் உதவிக்கு இன்னொருவர் இல்லை.

எனவே அங்குள்ள பயிற்றுநர் முதலில் பார்ப்பது, ஓடுபவன் விட்டுப் போகும் இடத்தை யார் நிரப்புவது என்பதைத்தான். அதற்கு விடை இல்லை என்றால் பிளிட்ஸ் இல்லை.

1985இல் சிகாகோ பேர்ஸ் அணியின் தற்காப்புப் பயிற்றுநர் பட்டி ரயன், எதிரணியை மூச்சு விடாமல் விரட்டும் முறையால் புகழ் பெற்றார். அந்தப் பருவத்தில் அவரது அணி 18 ஆட்டங்களில் வென்று, சூப்பர் போல் கிண்ணத்தையும் 46-10 என்று கைப்பற்றியது. தோற்றது ஒரே ஆட்டத்தில்தான். டிசம்பர் 2ஆம் தேதி மயாமி அணியிடம் 38-24. மயாமியின் டான் மரினோ பந்தை மிக வேகமாகக் கையிலிருந்து விடுபவர். விரட்டி வந்தவர்கள் அவரை எட்டுவதற்குள் பந்து காலியான இடத்துக்குப் போய்விட்டது. செலாயாங் திடலில் நான் பார்த்த உயரப் பந்தும் இதே வேலையைத்தான் செய்தது.

இதற்கு நேர்மாறான பாடம் 2025 பிப்ரவரியில் நடந்த சூப்பர் போல் ஆட்டத்தில் கிடைத்தது. பிலடெல்பியா அணி 40-22 என்ற கணக்கில் கன்சாஸ் சிட்டியை வென்றது. அதன் தற்காப்புப் பயிற்றுநர் விக் ஃபாஞ்சியோ அன்று ஒரு முறைகூடப் பிளிட்ஸ் அனுப்பவில்லை. நால்வரே விரட்டினார்கள், மற்றவர்கள் இடத்தைக் காத்தார்கள். அப்படியும் எதிரணிக் குவாட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் பந்து கையில் இருக்கும்போதே ஆறு முறை வீழ்த்தப்பட்டார். வீசுவதற்கு ஆள் கிடைக்காமல் அவர் தேடிக் கொண்டிருந்த நேரத்தில் விரட்டியவர்கள் வந்து சேர்ந்தார்கள். பின்னால் நின்றவர்கள் சரியாக நின்றதால்தான் முன்னால் ஓடியவர்களின் ஓட்டத்துக்குப் பலன் கிடைத்தது.

அமெரிக்கா வரை போவானேன், நம் கபடியிலும் இதே கணக்குத்தான். பாடி வருபவரின் கணுக்காலை மூலையில் நிற்பவர் பாய்ந்து பிடிக்கிறார். அந்தக் கணமே பக்கத்தில் இருப்பவர்கள் வளைத்து மூடினால் ஆள் அவுட். அவர்கள் ஒரு வினாடி தாமதித்தால் பாடியவர் நடுக்கோட்டைத் தொட்டுவிடுவார், பிடித்தவர் வெளியேற வேண்டியதுதான். ஆனாலும் தோட்டத்துத் திடலில் கபடி ஆடியவர்கள் பிடித்தவரை மட்டும் திட்டியதில்லை. "ஏன்டா சேரல?" என்று மற்றவர்களைத்தான் கேட்பார்கள். காற்பந்துக்கு வந்ததும் நாம் அதை மறந்து விடுகிறோம்.

நம் தேசிய அணியின் வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. 2010 டிசம்பர் 1ஆம் தேதி, கே.ராஜகோபால் பயிற்றுநராக இருந்த மலேசிய அணி சுசுகி கிண்ணத் தொடக்க ஆட்டத்தில் இந்தோனேசியாவிடம் 1-5 என்று தோற்றது. அதே மாதம் 26ஆம் தேதி புக்கிட் ஜாலில் அரங்கில் இறுதிச் சுற்றின் முதல் ஆட்டம், அதே இந்தோனேசியாவுடன். 61ஆவது நிமிடத்தில் நோர்ஷாருல் இட்லான் தலாஹா, எதிரணித் தற்காப்பு ஆட்டக்காரர் ஒருவரை அவரது கோலுக்கு அருகிலேயே நெருக்கிப் பந்தைப் பறித்து சாஃபி சாலியிடம் தந்தார். கோல். ஆட்டம் 3-0 என்று முடிந்தது. பறித்தவர் ஒருவர், ஆனால் பறித்த பந்தைப் போட சரியான இடத்தில் இன்னொருவர் இருந்தார். 25 நாளில் அணியின் ஓட்ட வேகம் கூடியிருக்காது. யார் எங்கே நிற்பது என்பதை அதற்குள் மாற்றலாம். இரண்டு ஆட்டங்களின் மொத்தக் கணக்கில் 4-2 என்று வென்று, மலேசியா முதல் முறையாக அந்தக் கிண்ணத்தை ஏந்தியது.

2024 ஜனவரி 25ஆம் தேதியையும் பலர் மறந்திருக்க மாட்டார்கள். கிம் பான் கோன் பயிற்சியில் ஹரிமாவ் மலாயா, கட்டாரில் நடந்த ஆசியக் கிண்ணத்தில் ஜோர்டானிடம் 0-4, பஹ்ரேனிடம் 0-1 என்று தோற்று ஏற்கெனவே வெளியேறியிருந்தது. கடைசி ஆட்டத்தில் தென் கொரியாவைச் சந்தித்தது. 51ஆவது நிமிடத்தில் கொரியாவின் ஹுவாங் இன் பியோம் நெருக்குதலில் தம் பெனால்டி எல்லைக்கு அருகே பந்தை இழந்தார். ஃபைசால் ஹலிம் அதைக் கோலாக்கினார். ஆட்டம் 3-3.

செலாயாங் திடலுக்குத் திரும்புவோம். இது வெறும் ஆட்ட நுணுக்கம் அல்ல. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் அணியிலிருந்து வளர்ந்த பெட்டாலிங் ஜெயா சிட்டி அணி, 2022 பருவத்துக்குப் பிறகு சூப்பர் லீக்கிலிருந்து விலகியது. நம் பையன்கள் அண்ணாந்து பார்க்க இருந்த ஓர் ஏணி போய்விட்டது. மிஞ்சியிருப்பவை பள்ளி அணிகளும், இப்படி மாலை நேரத்தில் கூடும் சிறு குழுக்களும்தான். அங்கே பயிற்றுநர் சொல்லும் ஒரு சொல்தான் ஒரு பையனை விளையாட்டில் வைத்திருக்கிறது, அல்லது வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. தான் செய்யாத தவற்றுக்குத் திட்டு வாங்கிய பையன் திடலை விட்டுப் போனால், மாலை வேளையில் அவன் எங்கே போகிறான் என்பது நம் தாமான்களிலும் அடுக்குமாடிகளிலும் உள்ள பெற்றோருக்குத் தெரியும்.

இதைச் சரி செய்ய முழுத் திடல் தேவையில்லை. பாதித் திடலும் இருபது நிமிடமும் போதும். ஆறு பேருக்கு ஆறு பேர் ஆட விடலாம். எப்போது விரட்டுவது என்பதற்கு மூன்றே அடையாளங்களைச் சொல்லித் தரலாம்: எதிரணி பந்தைப் பின்னால் தள்ளும்போது, பந்து காலில் சரியாக நிற்காமல் துள்ளும்போது, பந்தை வாங்குபவர் நம் கோலுக்கு முதுகு காட்டிப் பக்கக் கோட்டோரம் மாட்டிக்கொள்ளும்போது. முதல் ஆள் கிளம்பியதும் இரண்டாவது ஆள் பக்கத்துப் பாதையை அடைக்க வேண்டும். பின்வரிசை முழுவதும் பத்து அடி முன்னேற வேண்டும். மூன்றும் நடக்காவிட்டால் யாரும் ஓடக்கூடாது. நம் ஊர் மாலை வெயிலில் 15 வயதுப் பையன் ஆட்டம் முழுக்க ஓட முடியாது. எப்போது ஓடக்கூடாது என்று தெரிந்தவன்தான் கடைசி பத்து நிமிடத்திலும் நிற்பான்.

கோல் விழுந்தால் விசாரணையை முன்னாலிருந்து தொடங்கலாம். முதலில் ஓடியவர் ஏன் ஓடினார், அவர் விட்ட இடத்தை யார் எடுத்தார், பின்வரிசை ஏன் நகரவில்லை என்று வரிசையாகக் கேட்டால், கடைசிப் பையனின் முறை வருவதற்குள் பதில் கிடைத்துவிடும்.

அந்தப் பையன் மூன்றாவது வாரம் வந்துவிட்டான். அவன் அப்பா மொத்த விற்பனைச் சந்தையில் இரவு வேலை பார்ப்பவர். தூக்கத்தை விட்டு மோட்டாரில் கொண்டு வந்து இறக்கிவிட்டார். பயிற்றுநர் அன்று "பிரெஸ்" என்று கத்துவதற்கு முன் பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தார். அவர்கள் இன்னும் ஏறி வரவில்லை. கத்தாமல் விட்டார்.