நம் புதுவை: பூகோளமும் சரித்திரமும்

தன் வீட்டு முற்றத்தை அறியாதவன் தூரதேசத்து மாளிகைகளை வருணிப்பதால் யாது பயன்? லாஸ்பேட்டையில் வாழும் மாணவர் ஒருவரை அழைத்து, டூப்ளே என்பவர் யாவர், பாரிஸ் உடன்படிக்கை எவ்வாண்டில் நிகழ்ந்தது என்று வினவினால், தடையின்றி விடை பகர்வார். அவரையே, நீவிர் நாடோறும் பருகும் நீர் எங்கிருந்து வருகின்றது, உமது தெருவிற் பெய்யும் மழை எவ்வழியே சென்று எங்கே தங்குகின்றது என்று வினவினால், வாளாவிருப்பார். இக்குறை மாணவருடையதன்று, கற்பிக்கும் எம்போன்றாருடையதேயாம். சரித்திரத்தைப் பூகோளத்தினின்றும் பிரித்துக் கற்பித்ததனால் விளைந்த இக்குறையைப் பற்றி ஈண்டுச் சில கூற விழைகின்றோம்.

முதற்கண் நம் மாநிலத்தின் வடிவை நோக்குவோம். புதுச்சேரி என்னும் பெயரால் வழங்கும் இவ்வாட்சிப் பகுதி நான்கு துண்டுகளாய்ச் சிதறிக் கிடக்கின்றது. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழகத்தை அடுத்துக் கீழைக்கடற்கரையில் உள்ளன. ஏனாம், கோதாவரியின் கழிமுகநாட்டில் ஆந்திரத்தின் நடுவே இருக்கின்றது. மாஹியோ, மலையாளக் கரையில் அரபிக்கடலை நோக்கி நிற்கின்றது. நான்கையும் கூட்டினும் பரப்பு ஏறக்குறைய 490 சதுர கிலோமீட்டரே. அவற்றுள் மாஹி ஏறக்குறைய 9 சதுர கிலோமீட்டர் அளவினது. புதுச்சேரிப் பகுதிதானும் தொடர்ந்த ஒரே நிலமன்று. ஒரு பாதை வழியே செல்வோமாயின், தமிழக எல்லையுட் புகுந்து, சிறிது தொலைவில் மீண்டும் புதுவைக்கே வந்துவிடுகின்றோம். இத்தகைய வடிவை இயற்கை வகுக்கவில்லை. வணிகரும், படைத்தலைவரும், உடன்படிக்கை எழுதினோரும் வகுத்தனர்.

அவ்வரலாற்றைச் சுருங்கச் சொல்லுவோம். 1674-ஆம் ஆண்டு முதல் பிரான்சுவா மர்த்தேன் இவ்வூரைப் பிரெஞ்சு வணிகத்தலமாக வளர்த்தார். 1693-இல் டச்சுக்காரர் இதனைக் கைப்பற்றினர். 1697-ஆம் ஆண்டு ரிஸ்விக் உடன்படிக்கை இதனைப் பிரெஞ்சுக்காரர்க்கு மீட்டளித்தது. 1761-இல் ஆங்கிலேயர் நகரைப் பிடித்து இடித்துத் தகர்த்தனர். 1763-ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கையால் ஊர் மீள, கவர்னர் லா தெ லோரிஸ்தோன் 1765 முதல் அதனைப் புதுக்கியெடுத்தார். அவர் பெயராலேயே நம் பேட்டை வழங்குகின்றது என்பர். பின்னரும் பன்முறை கைமாறி, 1816-இல் பிரெஞ்சு ஆட்சியில் நிலைபெற்றது. 1954 அக்டோபர் 18-இல் கீழூரில் கூடிய பிரதிநிதிகள் 178 பேருள் 170 பேர் இந்தியாவோடு இணைதற்கு இசைந்தனர். அவ்வாண்டு நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்டு 16-இல் அக்கைமாற்றம் சட்டப்படி நிறைவுற்றது.

இவை யாவும் அறியத்தக்கனவே. ஆயின், இத்தனை பேர் விரும்பி வந்து போரிட்ட இந்நிலத்தை வளமுடையதாக ஆக்கியது யாது? நீரே என்போம்.

மேற்கேயிருந்து செஞ்சியாறு என்னும் சங்கராபரணி வருகின்றது. தெற்கே தென்பெண்ணை ஓடுகின்றது. வடக்கே, நம் லாஸ்பேட்டையும் கோரிமேடும் அமைந்த செம்மண் மேடு உயர்ந்து நிற்கின்றது. இதனைப் பிரெஞ்சுக்காரர் செம்மலைகள் என்றழைத்தனர். மலையென்று சொல்லத்தக்க உயரம் இதற்கில்லை. பொதுவாகச் சுமார் 30 மீட்டரே. ஆயினும் மழையை உறிஞ்சித் தன்னுள் அடக்கிக்கொள்ளும் இயல்பு இம்மண்ணுக்கு உண்டு.

ஆறு கடலோடு கலக்குமிடத்தில், அரியாங்குப்பத்தை அடுத்து, அரிக்கமேடு உள்ளது. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அங்கு அகழ்ந்து, ரோமானிய மட்கலங்களின் உடைசல்களைக் கண்டெடுத்தார். மர்த்தேன் வருதற்குப் பதினாறு நூற்றாண்டுகட்கு முன்னரே மேனாட்டு வணிகம் இவ்வாற்று முகத்தை நாடி வந்ததென்பது இதனால் விளங்கும். உள்நாட்டிலோ, ஏரிகளைச் சார்ந்து கல்வி வளர்ந்தது. பாகூரிலிருந்த வித்தியாஸ்தானம் ஒன்றற்கு மூன்று ஊர்கள் அளிக்கப்பட்ட செய்தியைப் பல்லவன் நிருபதுங்கன் காலத்துச் செப்பேடுகள் கூறுகின்றன. அது 9-ஆம் நூற்றாண்டு. திருபுவனையிலிருந்த கல்லூரியில் 260 மாணவரும் 12 ஆசிரியரும் இருந்தனர் என்பதை 1048-ஆம் ஆண்டுச் சோழர் கல்வெட்டொன்றால் அறிகின்றோம். அவர்கள் உண்ட நெல் அறக்கட்டளை நிலத்தில் விளைந்தது. ஏரியின்றி நெல்லில்லை, நெல்லின்றி அக்கல்லூரி இல்லை. கல்லூரியிற் பயிலும் நமக்கு இதனினும் நெருங்கிய சரித்திரம் வேறு யாதுளது?

இவ்வுண்மையை நம் முன்னோர் மறக்கவில்லை என்பதற்கு நகரின் நடுவே ஒரு சான்று நிற்கின்றது. முத்திரைப்பாளையத்து ஊற்றுநீரை நகரத்துக்குக் கொணர்ந்ததன் நினைவாக, மூன்றாம் நெப்போலியன் காலத்தில் ஆயி மண்டபம் எழுப்பப்பட்டது. ஆயி என்பாள் தன் மாளிகையை இடித்து, அவ்விடத்தே மக்கள் பருகக் குளம் வெட்டுவித்தாள் என்பது கர்ணபரம்பரை. இன்று நம் அரசாங்கத்தின் இலச்சினையில் விளங்குவது அம்மண்டபமே. கவர்னர் மாளிகை இருக்க, தண்ணீரின் நினைவுச்சின்னமே நம் மாநிலத்தின் அடையாளமாயிற்று. அவ்விலச்சினையைத் தாங்கிய தாள்களை நாளும் கையாளும் நாம், அதன் பொருளை எண்ணிப் பார்த்ததுண்டோ?

இதற்குச் சிலர் மறுப்புரைக்கக்கூடும். "பிரெஞ்சு வரலாறு இன்றேல், புதுவை தமிழகத்தின் ஒரு வட்டமாகவன்றோ இருந்திருக்கும்? நம் தனித்தன்மைக்கு வேர் அவ்வரலாறன்றோ?" என்பர். உண்மையே, யாம் அதனை மறுக்கவில்லை. ஆனந்தரங்கப் பிள்ளையவர்கள் 1736 முதல் எழுதிவைத்த நாட்குறிப்பை ஒருமுறை புரட்டியவரும், அக்காலத்தை அற்பமென்று தள்ளார். எம் வாதம் வேறு. உடன்படிக்கை நமக்கு எல்லை தந்தது. உயிர் தந்தது நீர். எல்லையை மட்டும் கற்று நீரைக் கல்லாது விடுவோமாயின், நம் கல்வி அரைக்கல்வியேயாம். அதன் தீங்கும் நம்மையே சாரும்.

அத்தீங்கு கண்கூடு. நம் நகரம் நிலத்தடி நீரையே பருகி வாழ்கின்றது. கடற்கரையை அடுத்த இடங்களில் அந்நீரோடு உவர் கலக்கின்றது. மேட்டுநிலம் முழுவதும் வீடும் தளமும் சிமெண்டுச் சாலையுமாய் மூடப்படும்போது, மண்ணுட் புகவேண்டிய மழை தெருவழியே பள்ளத்துக்கு விரைகின்றது. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் கரைகடந்தபோது, ஒரு நாளில் 40 செண்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. ரெயின்போ நகரிலும் கிருஷ்ணா நகரிலும் வெள்ளம் வீடுகளுட் புகுந்ததை நம்மிற் பலர் மறந்திரார். கோடையில் நீர்வேட்கை, மாரியில் வெள்ளம் என்னும் இரண்டற்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றே: நீரின் வழியை நாம் அறியாமை.

எல்லைகளோ இவ்விடரை மிகுவிக்கின்றன. ஊசுட்டேரியின் ஒருபகுதி புதுவைக்கும் மறுபகுதி தமிழகத்துக்கும் உரியது. அங்கு வந்திறங்கும் பறவையும், அதனை நிரப்பும் மழையும் இவ்வெல்லையை அறியா. ஏரியைக் காக்கவேண்டிய இரண்டு அரசாங்கங்களும் அதனை ஒரே ஏரியாகக் கருதாவிடில், எந்தப் பாதி நிலைக்கும்? இவ்வினாவுக்கு விடைகாண வல்லவர், சரித்திரமும் பூகோளமும் ஒருங்கே கற்றவரே.

ஆதலின் யாம் வேண்டுவது சிறிது. ஒவ்வொரு மாணவரும் விடுமுறையில் ஒரு நாளேனும் தம் ஊர் ஏரியின் கரைமீது நடந்து, அதன் வரத்துக்கால், மதகு, கலிங்கு ஆகியவற்றைக் கண்டு குறித்து வருக. அவ்வூர்க் கோயிலிற் கல்வெட்டு இருப்பின் அதன் பொருளைக் கேட்டறிக. முதியோர் நினைவில் உள்ள, இன்று தூர்ந்துபோன குளங்களின் பெயர்களை எழுதி வைக்க. பழைய மாணவர் பலர் அரசாங்க அலுவல்களில் அமர்ந்துள்ளனர். அவர்கள் இக்குறிப்புகளை ஏற்றுப் பயன்கொள்ள முன்வருக. சில ஆண்டுகளில் நம் கல்லூரி நூலகத்தில் புதுவை நாட்டின் நீர்வரைபடம் ஒன்று, நம் மாணவர் கையாலேயே எழுதப்பட்டு இடம்பெறும்.

லாஸ்பேட்டை என்னும் பெயர் ஒரு கவர்னரை நமக்கு நினைவூட்டுகின்றது. அதன் செம்மண்ணோ, வானம் பொழிவதைத் தன்னுள் வாங்கி, தாழ்ந்த நிலத்திலுள்ளார்க்கு உதவுகின்றது. பெயரை நாம் கற்றுவிட்டோம். இனி மண்ணையும் கற்போமாக.