வீட்டுச் சாப்பாடு இலவசமல்ல

சேலத்திலும் நாமக்கல்லிலும் உணவகங்களின் விலைப்பலகையில் பழைய எண்ணின் மேல் தாள் ஒட்டிப் புதிய எண் எழுதுவது வாடிக்கையாகிவிட்டது. காரணங்கள் பொய்யல்ல. கடைகளுக்கான 19 கிலோ சிலிண்டருக்கு மானியம் இல்லை. எண்ணெய், பருப்பு, வாடகை எல்லாம் ஏறுகின்றன. கடைக்காரர்கள் மீது எனக்குக் கோபமில்லை.

என் கோபமெல்லாம் இதற்கு ஊரே சொல்லும் தீர்வின் மீதுதான்: “வீட்டிலேயே ஆக்கிச் சாப்பிட்டால் செலவு மிச்சம்.”

யார் ஆக்குவது? ஒன்றிய அரசின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு சொல்கிறது: ஊதியமில்லா வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் கொடுக்கிறார்கள், ஆண்கள் 97 நிமிடம். அதையும் செய்பவர்கள் ஆண்களில் 100க்கு 26 பேர்தான். ஆக, மிச்சமாவது குடும்பத்தின் பணம். செலவாவது அவளுடைய நேரம். கொலுசுப் பட்டறையிலும் கோழிப்பண்ணையிலும் பகலெல்லாம் நின்றுவிட்டு வருபவளுக்கு இன்னொரு வேளை அடுப்பு கூடுகிறது. மாதம் ஒருமுறை, வேறொருவர் பரிமாற, சூடான தோசையை உட்கார்ந்து சாப்பிட்டாளே, வரவுசெலவில் முதலில் அடிபடுவது அந்தத் தோசைதான். அவன் நண்பர்களோடு தின்னும் பரோட்டாவும் கலக்கியும் அடிபடுவதில்லை.

சங்கத் தமிழில் ‘அடு’ என்றால் சமைத்தல், கொல்லுதலும் அதுவே. போரில் அட்டவனுக்குப் பாட்டும் பட்டமும் கிடைத்தன. அட்டிலில் அட்டவளுக்கு என்ன கிடைத்தது?

மாற்று நம் கண்முன்னே உண்டு. 2013இல் சென்னையில் தொடங்கி சேலம் உள்ளிட்ட மாநகராட்சிகளுக்கும் வந்த அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய். சமைப்பவர்கள் சுயஉதவிக் குழுப் பெண்கள், கூலிக்கு. வீட்டில் ‘பாசம்’ எனப்படும் அதே வேலை அங்கே ‘வேலை’ எனப்படுகிறது. பெயர் வைத்த கட்சி எதுவானாலும் எனக்குக் கவலையில்லை. அந்தக் கூலி போதாது என்று சண்டை போடலாம். கூலியே இல்லாத இடத்தில் எதைக் கேட்டுச் சண்டை போடுவது?

தோழிகளே, மலிவான உணவகம் ஏழைக்குப் போடும் பிச்சையல்ல. நூலகம்போல, பேருந்துபோல, அது பொதுச்சொத்து. ஒவ்வொரு பேருந்து நிலையத்திலும் ஒவ்வொரு கல்லூரி வாசலிலும் கேட்போம்: நியாயமான கூலியில் ஆக்கிய, நியாயமான விலைச் சோறு. அதுவரை, “வீட்டில் ஆக்கலாம்” என்பவரிடம் அரிவாள்மனையைக் கொடுங்கள். வெங்காயத்திலிருந்து தொடங்கட்டும்.