பாட்டன் பிறந்த ஊரும் பதினொருவரும்

2024ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 10ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை, கம்போடியாவின் தலைநகரான புனோம் பென்னில் நம் நாட்டு உதைபந்தாட்டக் குழு ஓர் அரிய காரியத்தைச் செய்தது. அதையொட்டி அவ்வார ஞாயிற்றுக்கிழமை பதுளைப் பகுதித் தோட்டமொன்றில் நிகழ்ந்த சம்பாஷணையை நேயர்களுக்குச் சொல்லவேண்டுமென்று நாம் நெடுநாளாக எண்ணியிருந்தோம்.

ஹாலி-எலவுக்கு அப்பால், நமுனுகுல மலை கண்ணுக்குத் தெரியும் தொலைவில் இருக்கிறது அந்தத் தோட்டம். அங்கே ஒரு மைதானம் உண்டு. மைதானம் என்று நாம் மரியாதைக்காகச் சொல்கிறோம். அதன் ஒரு முனை மற்ற முனையைவிட ஓர் ஆள் உயரத்துக்கு மேலே நிற்பதால் ‘மேல் கோல்’, ‘கீழ் கோல்’ என்றே இரண்டுக்கும் பெயர். நாணயம் சுண்டி வென்றவர் மேலிருந்து கீழ்நோக்கி அடிப்பதையே கேட்பார். தப்பி ஓடும் பந்து தேயிலைச் செடிகளுக்குள் உருண்டு மறைந்தால், திங்கட்கிழமை கொழுந்தெடுக்கும் பெண்கள் கண்டெடுத்து வருவதும் உண்டு.

அன்று பயிற்சி முடிந்து, மைதானத்தின் ஓரத்தில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். இன்னும் ஆறு நாட்களில் ஜனாதிபதித் தேர்தல். லயத்துச் சுவர் முழுவதும் சுவரொட்டி. ஆயினும் பேச்சு தேர்தலைப் பற்றியதன்று.

முதல் வழக்கு, அது வெற்றியா இல்லையா என்பதே. ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றுக்கான அந்த இரட்டை ஆட்டத்தில், செப்டெம்பர் 5ஆம் திகதி கொழும்பில் இரு தரப்பும் கோல் எதுவும் போடவில்லை. புனோம் பென்னில் தலைக்கு இரண்டு கோல்கள். பின்னர் பெனால்டி உதைகளில் நாலுக்கு இரண்டு என்று இலங்கை முன்னேறியது. உயர்தரம் படிக்கும் மாணவன் ஒருவன், பெனால்டியில் முடிந்த ஆட்டம் கணக்கில் சமநிலை என்றே எழுதப்படும் என்றான். தோட்டக் குழுவில் இருபது ஆண்டுகள் பந்துக் காப்பாளராக நின்று ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் அதற்குச் சம்மதிக்கவில்லை.

“எழுதுறவன் எப்படியும் எழுதட்டும் தம்பி. அவங்க நாட்டு மைதானம், அவங்க சனம், அவங்க சத்தம். அதுக்கு நடுவில நின்னு பெனால்டி அடிக்கிறதுன்னா கால் நடுங்கும். நடுங்காம அடிச்சாங்களே, அதுக்குப் பேர் என்ன?”

வெளிக்களத்து வெற்றியின் அருமை தோட்டத்து மக்களுக்கு நன்கு தெரியும். லொறியில் நின்றபடி பசறைக்கோ லுணுகலைக்கோ போய் ஆடுவார்கள். நடுவர் அந்தத் தோட்டத்துக்காரர். மைதானத்தின் மேடு பள்ளமெல்லாம் அந்தத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கே மனப்பாடம். அங்கே சமநிலை கண்டு திரும்பினாலே லொறியில் பாட்டுச் சத்தம் கேட்கும். மாணவன் சொன்ன இன்னொரு செய்தியையும் குறிப்பிடவேண்டும். வெளிக்களத்தில் போட்ட கோலுக்குக் கூடுதல் மதிப்புக் கொடுக்கும் பழைய விதி இருந்திருந்தால், அந்த இரண்டுக்கிரண்டே போதும், பெனால்டிக்கே வேலையில்லை. ஐரோப்பாவில் அவ்விதியை 2021இல் எடுத்துவிட்டார்கள். ஆசியாவும் பின்னர் அவ்வழியே சென்றது.

அந்த முன்னேற்றத்தின் கனத்தை அறிய, அதற்கு முந்திய நிலையைச் சற்று நினைக்கவேண்டும். 2023 ஜனவரியில் ஃபிஃபா இலங்கையை இடைநிறுத்தியது. தடை நீங்கியது அவ்வாண்டு ஆகஸ்டில். உலகத் தரவரிசையில் இருநூறுக்கும் கீழே கிடந்த குழு அது. அப்படிப்பட்டது ஒரே பாய்ச்சலில் தாய்லாந்து, துர்க்மெனிஸ்தான், சீனத் தாய்ப்பே ஆகியவை உள்ள பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தது.

இனித்தான் உண்மையான சண்டை. யார் ஆடினார்கள்?

அண்மைக் காலத்தில் இலங்கைச் சட்டை அணிந்தவர்களில் பலர் இலங்கையில் வளர்ந்தவர்கள் அல்லர். கிளாடியோ கம்மர்க்னெக்ட் ஜெர்மனியில் வளர்ந்தவர். டிலன் டி சில்வா இங்கிலாந்து. ஒலிவர் கெலார்ட் அவுஸ்திரேலியா. ஆதவன் ராஜமோகன் சுவீடனிலிருந்து வந்த தமிழ்ப் பிள்ளை. தாயோ தந்தையோ பாட்டனோ பாட்டியோ இலங்கையர் என்ற உரிமையால் வந்தவர்கள். பயிற்றுவிப்பாளரான அப்துல்லா அல்முதைரி குவைத் நாட்டவர்.

பெரியவருக்கு இது பிடிக்கவில்லை. இங்கே மழையில் சேற்றில் ஆடிய பையனை உட்கார வைத்துவிட்டு, விமானத்தில் வந்தவனை இறக்குவது நியாயமா என்றார். அணித் தலைவரான பந்துக் காப்பாளர் சுஜான் பெரேரா இங்கேயே வளர்ந்தவர்தானே, எல்லா இடமும் போய்விடவில்லையே என்றான் மாணவன். “அவன் கோல்காரன். கோல்காரனை யாரும் அசைக்க முடியாது” என்று பெரியவர் தமது பழைய உத்தியோகத்துக்குச் சற்று மாலை போட்டுக்கொண்டார். எட்டு வயதிலிருந்து புல் தரையில், முறையான பயிற்சியாளரிடம், வயிறாரச் சாப்பிட்டு ஆடி வளர்ந்தவனும் நம் பிள்ளையும் ஒன்றாக ஓடமுடியுமா என்பது மாணவனின் வாதம். ஓடமுடியாததற்கு நம் பிள்ளையா பொறுப்பு என்பது பெரியவரின் பதில். இரண்டும் சரியான பேச்சுக்களே. அதனால்தான் சண்டை முடியவில்லை.

ஆளைத் தெரிவது தெரிபவனின் உரிமை என்பதற்கு நாமும் ஒரு பழங்கதை சொன்னோம். 1962ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியக் குழு ஆடிய கதை அது. இஸ்ரேலுக்கும் தாய்வானுக்கும் இந்தோனேஷியா அனுமதி மறுத்ததை இந்தியப் பிரதிநிதி ஒருவர் கண்டிக்கப்போக, ஊரே இந்தியர்மீது சினந்து நின்றது. இந்தியாவின் ஆட்டம் என்றாலே மைதானத்தில் கூச்சல். முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் இரண்டு கோல்களால் தோல்வி. தாய்லாந்துடன் ஆடுகையில் பின்வரிசைத் தூணான ஜர்னைல் சிங்கின் தலையில் காயம், தையல் போட்டார்கள். பயிற்றுவிப்பாளர் சையத் அப்துல் ரஹீம் என்ன செய்தார்? தலையில் தையலுள்ள தடுப்பாட்டக்காரரை முன்வரிசையின் நடுவில் நிறுத்தினார்! அரையிறுதியில் ஜர்னைல் கோல் போட்டார். செப்டெம்பர் 4ஆம் திகதி இறுதியாட்டத்தில் அதே தென் கொரியாவை இந்தியா இரண்டுக்கு ஒன்றாக வென்றது. ஒரு கோல் பி. கே. பானர்ஜி, மற்றது ஜர்னைல் சிங். அந்த இறுதியாட்டத்தில் கோலுக்குள் நின்றவர் நம் பீட்டர் தங்கராஜ். நீலகிரித் தேயிலை மலைகளுக்கிடையே வெலிங்டனில் இருக்கும் மதராஸ் ரெஜிமெண்டுக்கு ஆடியவர். தொடக்கத்தில் முன்வரிசைக்காரராக இருந்து பின்னர் கோலுக்கு வந்தவர்.

தங்கராஜின் பெயரைக் கேட்டதும் பெரியவரின் முகம் மலர்ந்தது. ஆனால் அவர் விடவில்லை. “ரஹீம் இடத்தை மாத்தினாரு ஐயா. ஆளை வெளியில இருந்து கொண்டு வரல்லையே?” என்றார். அந்தப் பந்தை நம்மால் தடுக்க முடியவில்லை.

இதுவரை பேசாமல் கல்லில் அமர்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி, அந்த மாணவனின் அப்பாயி, இப்போது வாய் திறந்தார்.

“ஏன்டா, பாட்டன் இங்க பொறந்திருந்தா பேரன் எந்த ஊர்ல இருந்தும் வந்து ஆடலாமா?”

ஆடலாம் என்றான் பேரன். குடியுரிமையும் வேண்டும்; அதனுடன் தாய் தந்தையர் நால்வரில், அதாவது இரு பாட்டன் இரு பாட்டிகளில், ஒருவர் இங்கே பிறந்திருந்தால் போதும் என்று விதியை விளக்கினான்.

“பாட்டியும் சேத்தியா?”

“சேத்திதான் அப்பாயி.”

“எங்கப்பன்கிட்ட பாட்டியைக் கேக்கல்ல. பாட்டனைக் கேட்டான், பாட்டனுக்கு அப்பனையும் கேட்டான்.”

சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. இளைஞர்களில் பாதிப்பேருக்கு அது விளங்கவும் இல்லை. நாம் விளக்கவேண்டியதாயிற்று.

1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம், அதற்கு முன் இங்கே பிறந்த ஒருவரை நோக்கி, உன் தந்தை இலங்கையில் பிறந்தாரா என்று கேட்டது. அதைக் காட்ட இயலாவிடில், தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனும், இருவருமே, இங்கே பிறந்ததைக் காட்டவேண்டும். பிறப்புப் பதிவு சரிவர நடவாத காலத்தில், கடல் கடந்து வந்து மலையில் குடியேறியவர்கள் எந்தப் பத்திரத்தைக் காட்டுவார்கள்? 1949இல் வந்த இன்னொரு சட்டத்தின்கீழ் மனுப் போட்டார்கள். பெரும்பாலான மனுக்கள் தள்ளப்பட்டன. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம், ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பங்கு போட்டது. எஞ்சி நின்ற நாடற்றோருக்கு வழி பிறந்தது 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால்.

மூதாட்டியின் தந்தை ஒரு பழைய தகரப் பெட்டியில் கடுதாசிகளைக் கட்டிக்கொண்டு, மலையிறங்கி டவுனில் ஒரு கந்தோருக்குப் பலமுறை நடந்தாராம். பெட்டியில் என்ன இருந்தது என்று கேட்டோம். துண்டுச் சீட்டுகள், ஒரு துரை கொடுத்த நற்சான்றிதழ், கோயில் திருவிழாக் கணக்கு; பாட்டன் பிறந்த சீட்டு மட்டும் இல்லை என்றார். சொல்லிவிட்டு மறுபடி வெற்றிலையை இடித்தார். அப்போது அவருக்கு வயது எட்டோ ஒன்பதோ.

இந்தக் கடுதாசியின் மகிமை உதைபந்தாட்ட உலகத்தில் இன்று எவ்வளவு என்பதற்கு மலேசியா சாட்சி. அந்நாட்டுக் குழுவுக்கு ஆடிய ஏழு வெளிநாட்டு வீரர்களின் பாட்டன் பாட்டிமார் மலேசியாவில் பிறந்ததாகக் காட்டிய பத்திரங்கள் போலி என்று 2025 செப்டெம்பரில் ஃபிஃபா தீர்மானித்தது. சங்கத்துக்கு அபராதமும் வீரர்களுக்கு ஓராண்டுத் தடையும் விதித்தது. பிறவாத ஊரில் பாட்டனைப் பிறக்கச் செய்தவர்களும் உண்டு. பிறந்த ஊரில் பாட்டனை நிரூபிக்க முடியாமல் நின்றவர்களும் உண்டு.

நம் அபிப்பிராயத்தை மறைக்கவில்லை. சுவீடனிலிருந்து ஒருவர் பாட்டன் நாட்டுச் சட்டையை அணிய விரும்பி வந்தால், கதவைச் சாத்துகிறவர் நாமாக இருத்தல் ஆகாது; சாத்திய கதவின் வெளிப்புறத்தை நம்மவர் வேண்டிய மட்டும் பார்த்தாயிற்று. ஆனால் பெரியவரின் கோபத்தில் ஒரு நியாயம் கிடக்கிறது. ஐரோப்பாவில் இருக்கும் பேரனைத் தேடிப்பிடிக்க ஆள் உண்டு. நமுனுகுல அடிவாரத்துப் பேரனைப் பார்க்க மலையேறி வருபவர் எத்தனை பேர்? தேர்வுக்குப் போகவேண்டுமானால் பையன்தான் ஒருநாள் சம்பளத்தை விட்டு, பஸ் கட்டணம் கடன் வாங்கி, சப்பாத்தை இரவல் வாங்கிப் போகவேண்டியிருக்கிறது.

பேச்சு அத்துடன் நின்றிருக்கும். ஆனால் தோட்டக் குழுவின் தலைவன், தேயிலைப் பெட்டி அட்டையொன்றின் பின்புறத்தில் பெயர் எழுதத் தொடங்கினான். 29ஆம் திகதி பசறைப் பக்கத் தோட்டமொன்றில் ஆட்டம். பத்துப் பெயர்கள் தடையின்றி வந்தன. பதினோராவது இடத்துக்கு இருவர். ஒருவன் தினமும் மாலையில் இங்கே பயிற்சிக்கு வருபவன். அங்கேயே, கால்களைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மற்றவன் நான்கு ஆண்டுகளாகக் கொழும்பு புறக்கோட்டையில் ஒரு கடையில் வேலை செய்பவன். இடக்கால் ஆட்டக்காரன், பந்து அவன் சொன்னபடி கேட்குமாம். லயத்தில் குடியிருப்பவரே ஆடலாம் என்பது அவர்கள் வகுத்த கட்டுப்பாடு.

வெளியில் இருப்பவனை எடுக்கக்கூடாது என்று இவ்வளவு நேரம் வாதாடிய பெரியவர் இப்போது கொழும்புப் பையனைப் போடச் சொன்னார்! இத்தனை நேரம் பேரன்மாரின் உரிமையை நிலைநாட்டிய மாணவன், தினமும் வருகிறவனை எப்படி விடுவது என்று தயங்கினான். அவன் இவனுடைய வகுப்புத் தோழன். நாம் சிரித்துவிட்டோம். அவர்கள் சிரிக்கவில்லை.

“சனிக்கிழமை ஓட்டுப் போட அவன் இங்கதானே வாறான்? இடாப்புல பேரு இங்கதானே இருக்கு?” என்றார் அப்பாயி. “ஓட்டுப் போட ஊராளு, பந்து ஒதைக்க மட்டும் வெளியாளா?”

தலைவன் பென்சிலை வாயில் வைத்துக்கொண்டு சற்று யோசித்தான். பிறகு இரண்டு பெயர்களையும் எழுதினான். லொறியில் இடம் இருக்கிறது, பன்னிரண்டு பேராகப் போவோம், பசறையில் எந்தப் பக்கம் மேல் கோல் என்று பார்த்துவிட்டு அங்கே தீர்த்துக்கொள்ளலாம் என்றான். தினமும் வரும் பையன் எழுந்து, செடிகளுக்குள் கிடந்த பந்தை எடுத்துவரப் போனான்.