கிக் அடித்தாலும் கிளம்பாத பழைய பைக்... சைலன்சரில் 'டப் டப்' சத்தம்: இ20 பெட்ரோல்தான் காரணமா?

விருதுநகர் மாவட்டத்தில் திடீரென ஒரு வெடிச்சத்தம் கேட்டால் யாரும் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பட்டாசு ஆலைகள் இருக்கின்றன. 2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டி ஆலையில் நடந்த ஒரே விபத்தில் ஏறத்தாழ 40 பேர் உயிரிழந்தனர். அப்படிப்பட்ட ஊரில், ஆலை கேட் பக்கத்தில் ஒரு பழைய பைக்கின் சைலன்சர் 'டப்'பென்று வெடித்தால், ஓட்டி வந்தவரை எல்லோரும் திரும்பி முறைக்கத்தான் செய்வார்கள்.

அந்தச் சத்தம் வரும் வண்டி பெரும்பாலும் காலையில் ஒழுங்காக ஸ்டார்ட்டும் ஆகாது. பத்து முறை கிக் அடித்து, சோக் போட்டு, வியர்த்துக் கொட்டி, கடைசியில் தள்ளி ஸ்டார்ட் செய்ய வேண்டியிருக்கும். ஷிஃப்ட்டுக்கு நேரமானால் அன்றைய சம்பளத்துக்கே சிக்கல். மெக்கானிக் கடையில் இப்போது இதற்குச் சட்டென்று வரும் பதில்: "எல்லாம் எத்தனால் பெட்ரோல் பண்ற வேலை!" இது எவ்வளவு உண்மை?

என்ன நடந்தது?

2014-ல் இந்தியப் பெட்ரோலில் எத்தனாலின் பங்கு 1.5 சதவீதம். 2018 உயிரி எரிபொருள் கொள்கை 2030-க்குள் 20 சதவீதம் என்று இலக்கு வைத்தது. பிறகு அது முன்கூட்டியே கொண்டுவரப்பட்டு, 2025-லேயே எட்டப்பட்டுவிட்டது. அதாவது, பங்க்கில் சாதாரண பெட்ரோல் என்று இன்று நாம் போடுவது இ20 தான்.

2025 ஆகஸ்ட்டில் சமூக வலைதளங்களில் எதிர்ப்பு கிளம்பியபோது மத்திய பெட்ரோலிய அமைச்சகம் விளக்கம் தந்தது. மைலேஜ் இழப்பு சொற்பம்தான், சில பழைய வண்டிகளில் மட்டும் 20,000 முதல் 30,000 கி.மீ. ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டையும் மாற்ற வேண்டியிருக்கலாம், அதற்குச் செலவு குறைவு என்றது. எத்தனால் கலக்காத பெட்ரோலும் கிடைக்க வேண்டும் என்று கேட்ட பொதுநல மனுவை, தலைமை நீதிபதி பி.ஆர்.கவாய் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்தது.

பட்டாசு மருந்துக் கணக்குதான் இங்கேயும்

பட்டாசுத் தொழில் தெரிந்தவருக்கு இதைப் புரியவைப்பது சுலபம். எரியும் பொருளும் ஆக்சிஜன் தரும் பொருளும் சரியான விகிதத்தில் சேர்ந்தால்தான் மருந்து ஒழுங்காக எரியும். இன்ஜினும் அப்படித்தான். ஒரு கிலோ சுத்தமான பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும், ஏனென்றால் அதற்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. 20 சதவீதம் கலந்தால் தேவை 13.5 கிலோ அளவுக்கு இறங்கும்.

சென்சார் வைத்த ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டி இதைத் தானே கணக்குப்போட்டு, பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டிவிடும். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்த பிறகு வாங்கிய பைக் என்றால் பெரும்பாலும் இந்த ரகம். ஆனால் கார்புரேட்டரில் இருப்பது ஒரு பித்தளை ஜெட், அதில் ஒரு நிரந்தரத் துளை. என்ன பெட்ரோல் வருகிறது என்று அதற்குத் தெரியாது. காற்று அதிகம், எரிபொருள் குறைவு என்ற 'லீன்' நிலைக்கு இன்ஜின் போய்விடும். எத்தனால் ஆவியாக அதிக வெப்பமும் வேண்டும் என்பதால் குளிர்ந்த இன்ஜின் காலையில் இன்னும் அடம்பிடிக்கும்.

ஆனாலும், இந்த மாற்றம் மட்டுமே நல்ல நிலையில் இருக்கும் ஒரு பைக்கைப் படுக்கவைத்துவிடாது. ஜெட்டில் பாதி அடைப்பு, விறைத்துப்போன ரப்பர், பல வருஷமாக மாற்றாத பிளக் என்று ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் வண்டியைத்தான் இ20 தள்ளிவிடுகிறது. எத்தனாலைத் திட்டிவிட்டு அந்தக் குறைகளை அப்படியே விட்டால் காசுதான் வீண்.

முதலில் எதைப் பார்ப்பது?

கில் சுவிட்ச் ஆஃபில் இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம், அதை மறந்துவிட்டு மெக்கானிக்குக்குப் போன் போட்டவர்கள் நிறைய பேர்.

அடுத்து பெட்ரோல். காக்கை ரிசர்வில் வைத்து, கார்புரேட்டரின் அடியில் இருக்கும் டிரெயின் ஸ்க்ரூவைத் தளர்த்தி, வருவதை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. பாட்டிலின் அடியில் தனியாக ஒரு அடுக்கு நின்றால் அது தண்ணீர். எத்தனால் ஈரத்தை இழுக்கும், ஓரளவுக்குத் தண்ணீரைத் தன்னோடு கரைத்தும் வைத்திருக்கும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும். டேங்க்கின் அடியிலிருந்துதான் கார்புரேட்டருக்கு பெட்ரோல் போகிறது என்பதால், இன்ஜினுக்கு முதலில் கிடைப்பது எரியாத இந்தக் கலவை. ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளியே நிற்கும் வண்டிகளுக்கு இது அதிகம். டேங்க் மூடி ரப்பர் கிழிந்திருந்தால் கேட்கவே வேண்டாம். பாட்டிலில் செந்தூளாக ஏதாவது படிந்தால் டேங்க் உள்ளே துருப்பிடிக்கிறது என்று அர்த்தம்.

பெட்ரோல் சுத்தமாக இருந்தால் பிளக். அதன் முனை காபித்தூள் நிறத்தில் இருந்தால் நல்லது. கரிப்பிடித்துக் கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம் அல்லது ஸ்பார்க் பலவீனம். சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால் லீன், இ20 மேல் வரும் சந்தேகத்துக்கு இதுதான் சாட்சி. நல்ல ஸ்பார்க் நீலமாக, 'சடக்'கென்று வரும். மஞ்சளாக இழுத்தால் காயில், பிளக் கேப், பழைய புல்லட் என்றால் பாயின்ட் கேப் என்று தேடல் நீளும். வழிந்த பெட்ரோலைத் துடைக்காமல் ஸ்பார்க் சோதனை செய்யக் கூடாது.

சத்தம் எந்தப் பக்கம்?

இதைக் கவனிக்காமல் பாகங்களை மாற்றுவதுதான் பெரிய தவறு. கார்புரேட்டர் பக்கம் 'புஸ்'ஸென்று எதிர்த்து அடித்தால் டைமிங் தவறியிருக்கலாம், இன்டேக் வால்வு சரியாக மூடாமல் இருக்கலாம், கலவை ரொம்ப லீனாக இருக்கலாம். சைலன்சரில், அதுவும் ஆக்சிலரேட்டரை விடும்போது 'டப் டப்' என்றால், இன்ஜினில் எரியாமல் தப்பித்த பெட்ரோல் ஆவி சூடான குழாய்க்குள் போய் எரிகிறது. சிலிண்டரும் சைலன்சரும் சேரும் இடத்தில் கேஸ்கெட் போயிருந்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து அதற்கு உதவும். நூறு ரூபாய் கேஸ்கெட்டைப் பார்க்காமல் கார்புரேட்டரையே மாற்றியவர்கள் உண்டு. இன்டேக் ரப்பரையும் கையால் வளைத்துப் பாருங்கள், மயிரிழை வெடிப்பு போதும் லீன் ஆக.

எல்லாம் சரியாக இருந்தும் பிளக் வெளுப்பாகவே இருந்தால் டியூனிங். பைலட் ஜெட்டை ஒரு சைஸ் பெரிதாக்குவது, நீடிலின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே மாற்றி நீடிலை உயர்த்துவது என்று தெரிந்த மெக்கானிக் செய்வார். யூடியூப் பார்த்து ஸ்க்ரூ திருப்புபவர்கள் ஒன்றைக் கவனிக்கவும்: சில வண்டிகளில் இருப்பது ஏர் ஸ்க்ரூ, சிலவற்றில் ஃப்யூயல் ஸ்க்ரூ. இரண்டும் எதிரெதிராக வேலை செய்யும். ஆர்எக்ஸ் 100 போன்ற டூ-ஸ்ட்ரோக் வண்டியை லீனாகவே ஓட்டினால் சத்தத்தோடு நிற்காது, பிஸ்டன் சிக்கிக்கொள்ளும்.

வேண்டுமென்றே வெடிச்சத்தம் வர சைலன்சரை மாற்றுகிறவர்கள் கதை வேறு. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் மோட்டார் வாகனச் சட்டம் 5,000 ரூபாய் அபராதம் வைத்திருக்கிறது. சத்த விதிமீறலுக்கு முதல் முறையே 10,000 ரூபாய் வரை போகலாம், லைசென்ஸும் மூன்று மாதம் கைவிட்டுப் போகும். சைலன்சரில் வெடித்து எரியும் வண்டி தீப்பொறியையும் துப்பும். பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போகிறவர் அதைச் சரிசெய்யும்வரை தூரத்திலேயே இன்ஜினை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு போவதுதான் சரி.

தேர்வு எங்கே?

நிதி ஆயோக்கின் 2021 திட்ட அறிக்கையே, பழைய வண்டிகளுக்காக 10 சதவீதம் கலந்த இ10 பெட்ரோலும் தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்று சொன்னது. நடைமுறையில் பங்க்குக்குப் போனால் இருப்பது ஒரே குழாய். எத்தனால் கலக்காதது என்று தேடிப்போகும் 100 ஆக்டேன் பிரீமியம் பெட்ரோல் லிட்டர் 150 ரூபாயைத் தாண்டுகிறது, சின்ன ஊர்களில் கிடைப்பதும் அரிது. தினக்கூலிக்குப் போகிறவர் அதைப் போட முடியாது. ஆகவே ரப்பர், கேஸ்கெட், ஜெட் மாற்றும் செலவு, அமைச்சகம் சொல்கிறபடி சின்னதுதான் என்றாலும், அவர் பையிலிருந்தே போகிறது.